வெற்றிடத்தில் தெரிந்த கசிவு: ஒரு பழைய சங்கிலி ரம்பமும் அதன் மாற்று உதிரிகளும்

இங்கே விவரிக்கப்படும் ரம்பம் 1960களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. உள்விட்டம் 44 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 40 மி.மீ., அதாவது ஏறத்தாழ 61 சிசி. கிராங்க் தண்டு சுழலும் அறையான கிராங்க்கேஸ் மக்னீசியக் கலவையில் வார்க்கப்பட்டது. சிலிண்டரின் உட்சுவரில் குரோம் பூச்சு. டில்லட்சன் எச்எஸ் வகை டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கார்புரேட்டர், பாயிண்ட் எனும் தொடுமுனைச் சுவிட்சும் கண்டென்சரும் தீப்பொறி தரும் இக்னிஷன், சங்கிலி பிரேக் கிடையாது. இந்த மாடலுக்கான உதிரிகளின் தயாரிப்பு நின்று நீண்ட காலம் ஆகிறது. ஆகவே பழுது எதுவானாலும் மாற்று உதிரியைத் தேடித்தான் சரிசெய்ய வேண்டும்.

என்னிடம் வருவதற்கு முன்பே இதில் மாற்று உதிரிகள் ஏறியிருந்தன. கிராங்க் தண்டு வெளியே வரும் இடங்களை அடைக்கும் ஆயில் சீல்கள் இரண்டும் புதியவை. கார்புரேட்டரின் டயாஃப்ரங்கள் ஒரு முறைக்கு மேல் மாற்றப்பட்டிருந்தன. எரிபொருள் குழாய் புதிது. எல்லாமே அளவில் சரியாகப் பொருந்தியிருந்தன. ஆனாலும் ரம்பம் ஓடவில்லை. சரியாகச் சொன்னால், தன்னையே அழித்துக்கொள்ளும் விதத்தில் ஓடியது. அளவு பொருந்திய ஓர் உதிரி எப்படி ஓர் எஞ்சினைக் கொல்லும் என்பதுதான் இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது.

அறிகுறிகள்

குளிர்ந்த நிலையில் எளிதாகக் கிளம்பியது. ஐடில் (த்ராட்டிலை அழுத்தாதபோது ஓடும் வேகம்) நிலையாக நிற்காமல் ஏறி இறங்கியது. த்ராட்டிலை அழுத்தி விட்டால் வேகம் உடனே விழவில்லை. சிறிது நேரம் மேலேயே தொங்கி, பிறகு மெல்ல இறங்கியது. ரம்பத்தை ஃப்ளைவீல் பக்கம் சாய்த்தால் ஐடில் வேகம் மாறியது. நன்றாகச் சூடான பிறகு வெட்டின் நடுவில் வலுவிழந்து அணைந்தது, ஆறும்வரை மறுபடி கிளம்பவில்லை.

இவற்றைவிடத் தெளிவான சாட்சி கார்புரேட்டரில் இருந்தது. குறைவேகத் திருகு வழக்கமாக ஒரு சுற்றுக்குச் சற்று முன்னோ பின்னோ திறந்திருக்கும். இதில் அது இரண்டரைச் சுற்றுக்குத் திறந்திருந்தது. யாரோ எரிபொருளைக் கூட்டிக் கூட்டி எதையோ ஈடுகட்டியிருக்கிறார். கார்புரேட்டர் சுத்தமாக இருக்கும்போது இவ்வளவு எரிபொருள் தேவைப்பட்டால், கார்புரேட்டருக்குப் பிறகு எங்கோ காற்று உள்ளே போகிறது என்று பொருள். அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலும் வராது, பெட்ரோலோடு வர வேண்டிய எண்ணெயும் வராது. கலவை மெலிய மெலிய பிஸ்டனின் சைலன்சர் பக்கம் சூடேறும். சைலன்சரைக் கழற்றிப் பார்த்தபோது பிஸ்டனின் அந்தப் பக்கத்தில் செங்குத்தான கீறல்கள் தெரிந்தன. சிலிண்டர் சுவரில் அலுமினியம் ஒட்டியிருந்தது.

அழுத்தமும் வெற்றிடமும்

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் கிராங்க்கேஸ் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை காற்றழுத்தத்துக்கும் ஒரு முறை உறிஞ்சலுக்கும் ஆளாகிறது. நிமிடத்துக்கு 9,000 சுற்று என்றால் நொடிக்கு 150 முறை இந்த மாற்றம் நிகழ்கிறது. ஆகவே சோதனையும் இரண்டு திசையிலும் நடக்க வேண்டும்.

சைலன்சர் வாயை ரப்பர் தகட்டால் அடைத்தேன். கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஒரு தகட்டைப் பூட்டினேன். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கைப்பம்பை இணைத்து, பிஸ்டனைக் கீழே இறக்கி 0.5 பார் அழுத்தம் கொடுத்தேன். முள் அசையவில்லை. சோப்பு நீர் தடவிய இடங்களில் ஒரு குமிழிகூட எழவில்லை. முன்பு பழுது பார்த்தவரும் இந்த அளவோடு நிறுத்தியிருக்க வாய்ப்புண்டு. ஏனெனில் அழுத்தச் சோதனையில் இந்த எஞ்சின் முழுமையாகத் தேறிவிடுகிறது.

பிறகு பம்பைத் திருப்பி 0.5 பார் வெற்றிடம் கொடுத்தேன். முள் நிற்கவே இல்லை, சில நொடிகளில் ஏறத்தாழ முழுவதும் விழுந்துவிட்டது. வெற்றிடத்தில் சோப்பு நீர் உதவாது. சந்தேகமான இடத்தில் ஒரு துளி எண்ணெய் விட்டு, அது உள்ளே இழுக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ளைவீல் பக்க சீலின் உதட்டில் விட்ட எண்ணெய் கண் முன்னே உள்ளே போனது. கிராங்க் தண்டைப் பிடித்து லேசாக ஆட்டியபோது இன்னும் வேகமாகப் போனது. சாய்த்தால் ஐடில் ஏன் மாறியது என்பதற்கும் இதிலேயே பதில் இருந்தது.

சீலின் அமைப்பே இதை விளக்குகிறது. அதன் உதடு உள்பக்கம் நோக்கி இருக்கிறது. கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறும்போது அந்த அழுத்தமே உதட்டைத் தண்டின் மீது இறுக்குகிறது. உறிஞ்சல் வரும்போது வெளிக்காற்று உதட்டைத் தூக்கப் பார்க்கிறது. அப்போது அதைப் பிடித்து வைப்பது உதட்டின் சொந்த விறைப்பும், பின்னால் சுற்றியிருக்கும் மெல்லிய சுருள் வில்லும்தான். பொறிக்கப்பட்டிருந்த அளவின்படி கழற்றிய சீல் 15×28×7, இந்த எஞ்சினுக்கு மிகச் சரி. ஆனால் அது கியர் பெட்டியில் எண்ணெயைத் தடுத்து வைப்பதற்கான சாதாரண நைட்ரைல் ரப்பர் சீல். வெப்பத்தில் உதடு கடினமாகியிருந்தது, வில் தளர்ந்திருந்தது. போதாததற்கு, பழைய சீல் தண்டில் தேய்த்து உண்டாக்கிய பள்ளத்திலேயே புதிய சீலின் உதடும் உட்கார்ந்திருந்தது.

இதற்கு மாற்றைத் தேடும்போது சீலின் வடிவத்தை விட்டுவிட்டு அதன் வேலையை மட்டும் எழுதிக்கொண்டேன். இரு திசையிலும் அழுத்தம் மாறும் இடம். பெட்ரோலும் சூடும் சேர்ந்து தாக்கும் இடம். 15 மி.மீ. தண்டு 9,000 சுற்றில் ஓடும்போது உதட்டின் அடியில் நொடிக்கு 7 மீட்டர் வேகம். இதே வேலையை அதே அளவில் செய்யும் இன்னோர் இயந்திரம் எது? சிறிய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களின் கிராங்க் தண்டு. அந்த வகை சீல்களில் இதே அளவு கிடைத்தது, அதுவும் எஃப்கேஎம் எனும் ஃப்ளோரின் கலந்த ரப்பரில். நைட்ரைல் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் வரை நிம்மதியாக உழைக்கும். எஃப்கேஎம் 200 டிகிரியைத் தாங்கும், எத்தனால் கலந்த பெட்ரோலையும் பொறுத்துக்கொள்ளும். இங்கே ஓர் எச்சரிக்கை: பழுப்பு நிறமாகவோ செந்நிறமாகவோ இருப்பதை வைத்து சீல் எஃப்கேஎம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. சிலிக்கான் சீல்களும் செந்நிறத்தில் வரும். சிலிக்கான் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் பெட்ரோலில் ஊறிப் பருத்துவிடும். நிறத்தை நம்பாமல் பொருளின் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும்.

தண்டில் இருந்த பள்ளத்துக்கு வழி எளிமையானது. புதிய சீலை முன்பிருந்ததைவிட 1 மி.மீ. உள்ளே தள்ளி அமர்த்தினேன். உதடு தேயாத பரப்பில் உட்கார்ந்தது. அப்படித் தள்ளும்போது சீல் பேரிங்கை உரசாமலும், பேரிங்குக்கு எண்ணெய் போகும் வழியை மூடாமலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்திருந்தால் தண்டின் மீது மெல்லிய எஃகு உறையை ஏற்றியிருப்பேன். தண்டின் சாவிப் பள்ளத்தின் கூரிய விளிம்பு புதிய உதட்டைக் கிழித்துவிடும் என்பதால் அதன் மீது மெல்லிய நாடாவைச் சுற்றி, எண்ணெய் தடவித்தான் சீலைச் செலுத்தினேன்.

தண்டு ஆடியதால் பேரிங்குகளையும் மாற்றினேன். அவை எங்கும் கிடைக்கும் 6202 அளவு. சாதாரண 6202 போதாது. சூட்டில் விரிய இடம் வைத்த சி3 வகை வேண்டும், கூடு எஃகாக இருக்க வேண்டும். இருபுறமும் ரப்பர் மூடியோடு கிடைத்தால் மூடிகளை எடுத்துவிட வேண்டும். உள்ளிருக்கும் கிரீஸைப் பெட்ரோல் கரைத்துவிடும். மூடி இருந்தால் கலவையின் எண்ணெய் உள்ளே சரியாகப் போகாது. கிராங்க்கேஸை அடுப்புப் பெட்டியில் வைத்துச் சூடாக்கினால் பேரிங் தானாக இறங்கும். மக்னீசியத்தின் மீது நேரடிச் சுடர் வேண்டாம். அதன் அரத்தூளும் தீப்பிடிக்கக் கூடியது.

கார்புரேட்டர் பக்கம்

சீல்களை மாற்றியதும் மீண்டும் வெற்றிடம் கொடுத்தேன். மிகவும் மேம்பட்டிருந்தது, ஆனால் முழுமையாக நிற்கவில்லை. இரண்டாவது கசிவு கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள பேக்லைட் கட்டையில் இருந்தது. நெடுங்காலச் சூட்டில் அது வளைந்திருந்தது. கண்ணாடித் தகட்டின் மீது ஈரமான எமரித் தாளை விரித்து, கட்டையை அதன் மேல் எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்கினேன். கேஸ்கெட்டை 0.8 மி.மீ. கேஸ்கெட் தாளில் வெட்டினேன். கையால் வெட்டும் கேஸ்கெட்டில் பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு: கிராங்க்கேஸின் துடிப்பை கார்புரேட்டரின் எரிபொருள் பம்புக்குக் கொண்டு செல்லும் சிறு துளை. அது அடைபட்டால் பம்ப் வேலை செய்யாது. பிறகு கார்புரேட்டரைத்தான் வீணாகச் சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

எச்எஸ் வகைக்கான டயாஃப்ரம் கிட் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் பழைய ரம்பக்காரர்களுக்கு அதிர்ஷ்டம்தான். அடுக்கும் வரிசை மட்டும் முக்கியம்: அளவிடும் பக்கத்தில் உடலை ஒட்டி முதலில் கேஸ்கெட், பிறகு டயாஃப்ரம்; பம்ப் பக்கத்தில் முதலில் டயாஃப்ரம், பிறகு கேஸ்கெட். அளவிடும் நெம்புகோல் அறையின் தரையோடு சமமாக நிற்க வேண்டும். டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் சுத்தம் செய்தேன். அது அடைபட்டாலும் ரம்பம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்ல மூச்சடைத்து நின்றுவிடும்.

பிஸ்டன்: மறுத்த மாற்று

ரம்பத்தோடு ஒரு பிஸ்டனும் வந்தது. வேறொரு பிற்கால ரம்பத்துடையது, அதே 44 மி.மீ. விட்டம், பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னும் அதே தடிமன். பார்த்தால் போட்டுவிடலாம் என்றே தோன்றும். நான் போடவில்லை. காரணத்தை விரிவாகச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன்.

இந்த எஞ்சினில் கலவை உள்ளே வரும் வாயைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனின் கீழ்ப்புறச் சுவரான பாவாடைப் பகுதிதான். தனியாக வால்வு எதுவும் கிடையாது. பாவாடையின் நீளம் மாறினால் உட்கொள்ளும் நேரம் மாறுகிறது. புதிய பிஸ்டனின் பாவாடை சைலன்சர் பக்கத்தில் குட்டையாக இருந்தது. பிஸ்டன் மேலே போகும்போது சைலன்சர் வாய் அதன் அடியில் திறந்து, கிராங்க்கேஸும் சைலன்சரும் நேரடியாக இணைந்துவிடும். அடுத்தது, பின்னின் மையத்திலிருந்து தலைப்பகுதிக்கு உள்ள உயரம். அது கூடினால் பிஸ்டன் சிலிண்டர் தலையை இடிக்கும், குறைந்தால் அழுத்தம் விழும். மூன்றாவதும் மிக ஆபத்தானதும் பிஸ்டன் ரிங் சுழலாமல் பிடிக்கும் சிறு ஊசிகளின் இடம். ரிங்கின் முனைகள் சிலிண்டர் சுவரின் திறப்புகளைக் கடக்கக் கூடாது. கடந்தால் முனை வெளியே துருத்தி, விளிம்பில் மாட்டி ஒடியும். அந்தப் பிஸ்டனில் ஓர் ஊசி உட்கொள்ளும் வாய்க்கு நேராக விழுந்தது. அத்தோடு பேச்சு முடிந்தது.

பழைய பிஸ்டனின் கீறல்கள் ஆழமற்றவை. மென்மையான உராய்வுத் தாளால் மேடுகளை மட்டும் எடுத்தேன். சிலிண்டரில் ஒட்டிய அலுமினியத்தை நீக்கப் பலரும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நாடுவார்கள். நிக்கல்–சிலிக்கான் கார்பைடு பூச்சு உள்ள புதிய சிலிண்டர்களில் அதைக் கவனத்தோடு பயன்படுத்தலாம். குரோம் பூச்சில் கூடவே கூடாது, அந்த அமிலம் குரோமையே கரைத்துவிடும். இங்கே காஸ்டிக் சோடாக் கரைசலைப் பஞ்சுக் குச்சியால் ஒட்டுப் படிந்த இடத்தில் மட்டும் தொட்டு வைத்தேன். அது அலுமினியத்தைக் கரைக்கும், குரோமைத் தொடாது. ஆனால் திறப்புகளின் ஓரத்தில் தெரியும் சிலிண்டரின் அலுமினியத்தையும் அது தின்னும் என்பதால் அங்கே படவிடாமல், உடனுக்குடன் நீரால் கழுவ வேண்டும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

ரிங்குகள் அளவின் பெயரிலேயே விற்கப்படுகின்றன: 44 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. தடிமன். குரோம் சுவரில் குரோம் பூசிய ரிங் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கீறும். ஆகவே பூச்சில்லாத வார்ப்பிரும்பு ரிங்குகளையே தேர்ந்தெடுத்தேன். ரிங்கை சிலிண்டருக்குள் வைத்துப் பிஸ்டனால் தள்ளி நேராக்கி, முனைகளுக்கு இடையே ஃபீலர் கேஜ் விட்டேன். 0.25 மி.மீ. இருந்தது. இந்த விட்டத்துக்கு 0.18க்குக் கீழே போனால் சூட்டில் முனைகள் முட்டிக்கொள்ளும். கடைசியாக, ஈயக் கம்பியைப் பிளக் துளை வழியாக விட்டுப் பிஸ்டனால் நசுக்கி அளந்ததில் தலைக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி 0.8 மி.மீ. வந்தது. அடி கேஸ்கெட்டை மாற்றும் யாரும் இந்த அளவீட்டைத் தவிர்க்கக் கூடாது.

தீப்பொறி

காற்றுக் கசிவை அடைத்த பிறகும், சூட்டில் அணைவதற்கு இன்னொரு பங்காளி இருப்பது தெரிந்தது. குளிரில் நீல நிறமாகத் தாவிய தீப்பொறி சூட்டில் மஞ்சளாகச் சுருங்கியது. பாயிண்டின் முகம் கருகிப் பள்ளமாகியிருந்தது. கண்டென்சர் பழுதாகிவிட்டது என்பதற்கு இது வழக்கமான அடையாளம்.

அந்த வடிவக் கண்டென்சர் கிடைக்கவில்லை. அதன் வேலையை எண்களில் சொன்னால் ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரட், பாயிண்ட் திறக்கும் கணத்தில் சில நூறு வோல்ட்டைத் தாங்க வேண்டும். 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் கண்டென்சர் எந்த மின்னணுக் கடையிலும் கிடைக்கும் சாதாரணப் பொருள். ஃப்ளைவீலுக்கு அடியில் இடமில்லாததால் கம்பியை நீட்டி, காற்று படும் மூலையில் எப்பாக்ஸியால் நிலைநிறுத்தினேன். பாயிண்டைத் தீட்டி இடைவெளியை 0.4 மி.மீ.க்கு வைத்தேன்.

பாயிண்டையும் கண்டென்சரையும் ஒருசேர நீக்கி, காயிலோடு ஒரு மின்னணுச் சில்லை இணைக்கும் மாற்றும் உண்டு. நல்ல வழிதான், பராமரிப்பு குறையும். ஆனால் தீப்பொறி விழும் கணத்தைச் சில்லு தன் போக்கில் தீர்மானிக்கும், பழைய குறிக்கும் அதற்கும் சில டிகிரி வேறுபாடு வரலாம். ஸ்ட்ரோப் விளக்கால் சோதிக்காமல் அதைப் பூட்டுவதை நான் ஏற்பதில்லை. ஏற்கெனவே கீறல் விழுந்த பிஸ்டனுக்கு முந்திய தீப்பொறி இன்னொரு அடியாகும்.

சட்டமும் சங்கிலியும்

இந்த ரம்பம் .404 அங்குலப் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) சங்கிலிக்கானது. கழற்றக்கூடிய வளைய வகை ஸ்ப்ராக்கெட் என்பதால் 3/8 அங்குலத்துக்கு மாறுவது எளிதாக இருந்தது. ஸ்ப்ராக்கெட், சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட சட்டத்தின் முனையில் உள்ள சிறு சக்கரம், சங்கிலி மூன்றும் ஒரே பிட்சில் இருக்க வேண்டும். சட்டத்தின் பள்ளமும் சங்கிலியின் ஓட்டக் கண்ணியின் தடிமனும் ஒத்துப்போக வேண்டும். வெட்டும் பல்லின் அடிப்படை வடிவம் ஜோசப் காக்ஸ் 1940களில் உருவாக்கிய சிப்பர் சங்கிலியிலிருந்து வந்ததுதான் என்பதால், இன்றைய சங்கிலி எதுவும் இந்தப் பழைய எஞ்சினுக்கு அந்நியமாக இல்லை. புதிய சட்டத்தின் எண்ணெய்த் துளை மட்டும் ரம்பத்தின் எண்ணெய் வாய்க்கு நேராக வரவில்லை. சட்டத்தில் புதிய துளையைக் கார்பைடு முனையால் போட்டு, ஓரங்களை மழுக்கினேன்.

மாற்று உதிரியால் ஈடுகட்ட முடியாத ஒரு குறை இங்கே இருக்கிறது. சட்ட முனை மரத்தில் பட்டு ரம்பம் முகத்தை நோக்கிப் பின்னெழும்பினால் சங்கிலியை நிறுத்த இதில் எதுவும் இல்லை. வேறு ரம்பத்தின் பிரேக்கை எடுத்துப் பூட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கிளட்ச் டிரம், மூடி, கைக்காப்பு எல்லாம் ஒன்றாக வடிவமைக்கப்பட்ட ஓர் அமைப்பு அது. அரைகுறையாகப் பொருந்திய பிரேக் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு வேலை செய்வது, பிரேக்கே இல்லை என்று தெரிந்து வேலை செய்வதைவிடக் கொடியது. குட்டையான சட்டத்தையும் பின்னெழும்பலைக் குறைக்கும் சங்கிலியையும் போட்டுக் கொடுத்தேன். கிளைகளுக்கு நடுவிலோ தோளுக்கு மேலோ இதைப் பயன்படுத்தக் கூடாது என்று உரிமையாளரிடம் வலியுறுத்திச் சொன்னேன்.

ஓட்டிப் பார்த்தது

டேங்கில் ஒட்டியிருந்த பழைய குறிப்பு எண்ணெயும் பெட்ரோலும் 1:16 விகிதத்தில் சேர்ந்த கலவையைக் கேட்டது. அது அந்தக் கால எண்ணெய்க்கான அளவு. ஜாசோ எஃப்டி (டூ-ஸ்ட்ரோக் எண்ணெய்க்கான ஜப்பானியத் தரக் குறியீடு) தர எண்ணெயில் 1:32 போதும் என்று முடிவு செய்தேன், லிட்டருக்கு சுமார் 31 மில்லி. இன்னும் மெலிதாக்கலாம் என்பவர்கள் இருக்கிறார்கள்; பழைய பேரிங் இருக்கைகளும் கீறல் கண்ட பிஸ்டனும் உள்ள எஞ்சினில் சற்றுக் கூடுதல் எண்ணெய் இருப்பதையே நான் விரும்புகிறேன். கலவை விகிதத்தை மாற்றினால் கார்புரேட்டரையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். எண்ணெய் கூடினால் அதே துளை வழியாகப் போகும் பெட்ரோல் குறைகிறது.

ஸ்பார்க் பிளக்கைப் பூட்டும் முன் கடைசியாக ஒரு முறை அழுத்தமும் வெற்றிடமும் கொடுத்தேன், இரண்டிலும் முள் நின்றது. குறைவேகத் திருகு ஒரு சுற்றுக்குச் சற்று மேலே வந்து அமைந்தது. ஐடில் ஒரே சுருதியில் நின்றது, சாய்த்தாலும் மாறவில்லை. த்ராட்டிலை விட்டதும் வேகம் உடனே விழுந்தது. உயர்வேகத் திருகை, சுமையில்லாமல் முழு த்ராட்டிலில் எஞ்சின் லேசாகத் திக்கும் அளவுக்குத் திறந்தே வைத்தேன். மரத்தில் இறங்கியதும் அந்தத் திக்கல் தெளிந்து ஒலி சீரானது.

சில டேங்க் எரிபொருள் வேலைக்குப் பிறகு சைலன்சரைத் திரும்பக் கழற்றினேன். பிஸ்டனில் புதிய கீறல் எதுவும் இல்லை. ரிங்குகளின் முகம் சுற்றிலும் ஒரே மாதிரி பளபளக்கத் தொடங்கியிருந்தது. ஃப்ளைவீல் பக்க சீல் உலர்ந்திருந்தது. சங்கிலி எண்ணெய் பம்பின் ஓ-ரிங் இன்னும் பழையதுதான்; ரம்பத்தை இரவு முழுவதும் வைத்தால் அடியில் எண்ணெய் கசிகிறது. அதன் பள்ளத்தின் அளவை எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை கிளட்சைக் கழற்றும்போது அதையும் மாற்ற வேண்டும்.